கருவைக் காக்கும் ஒரு தையல்

(நமது மத்ரஸா மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகழ் அனைத்தும் எல்லாம் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிம்பரில் வழக்கமாகப் பேசப்படும் பொருளன்று. பெண்களின் உடல் சார்ந்த செய்தியாக இருப்பதால் இதனைப் பொது நிகழ்ச்சியில் பேசலாமா என்று நிர்வாகிகளுடன் கலந்தாலோசித்தோம். மாதவிடாய், பேறுகாலம் ஆகியவற்றின் மார்க்கச் சட்டங்களை மத்ரஸாவில் வெட்கமின்றிப் பாடம் நடத்தி வருகிறோம். ஓர் உயிரைக் காக்கும் செய்தி வரும்போது மட்டும் வெட்கம் வந்து வாயை அடைப்பது முறையாகாது என்று முடிவு செய்தே உங்கள் முன் நிற்கிறோம்.

வேலியோரத்துச் சிறு கப்ருகள்

நமது மையவாடியின் கிழக்கு ஓரத்தில், வேலியை ஒட்டி, ஒரு முழ நீளமே உள்ள சிறு கப்ருகள் சில இருக்கின்றன. அவற்றின் தலைமாட்டில் மீஸான் கல் இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. ஷஃபே பராஅத் இரவில் ஸியாரத்துக்கு வரும் உங்களில் பலர் அப்பக்கம் வருவதில்லை. அங்கே நடக்கும் அடக்கத்துக்குக் கூட்டம் சேர்வதுமில்லை. குழி வெட்டுபவரும், குழந்தையின் தந்தையும், இமாமாகிய நாமும் மட்டுமே நிற்போம்.

கருவில் நான்கு மாதம் நிறைவடைந்ததும் ரூஹு ஊதப்படுகிறது என்பது ஹதீஸின் வழியாக நாம் அறிந்த செய்தி. எனவே அதன் பின்னர் குறைமாதத்தில் வெளிப்பட்ட சிசுவைக் குளிப்பாட்டி, துணியில் பொதிந்து, கண்ணியத்தோடு அடக்கம் செய்கிறோம். உயிரின் அறிகுறியோடு பிறந்து இறந்த குழந்தையானால் ஜனாஸா தொழுகையும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவின் ஒரே வீட்டிலிருந்து அந்த வேலியோரத்துக்கு மூன்று குழந்தைகள் வந்தன. மூன்றும் ஐந்து மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்டவை. முதல் குழந்தையை அடக்கம் செய்தபோது, "பொறுமை கொள்ளுங்கள் தம்பி, அல்லாஹ் இதைவிடச் சிறந்ததைத் தருவான்" என்று அந்தத் தந்தையிடம் சொன்னோம். இரண்டாவது குழந்தையின்போதும் அதே சொற்களைச் சொன்னோம். மூன்றாவது முறை அந்தப் பெண்ணின் மாமியார் நம் வீட்டுக்கு வந்து, "ஹஜ்ரத், எங்கள் வீட்டில் ஏதோ கண்ணேறு இருக்கிறது, ஓதி ஒரு தாயத்துக் கொடுங்கள்" என்று கேட்டார். ஓதிய தண்ணீரைக் கொடுத்து அனுப்பினோம்.

நாற்பது நாள் கழிந்ததும் கணவர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே, "ஹஜ்ரத், இவளுக்குப் பிள்ளை தங்காது என்கிறார்கள். வேறு பெண் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருக்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு என்ன வழி?" என்றார். நாம் உடனே விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்திருக்கச் சொன்னோம். அவ்வாறு சொல்லச் செய்தவன் அல்லாஹ்வே. ஏனெனில், அடுத்த வாரமே இந்த மண்டபத்தில் பெண்களுக்கான மருத்துவ முகாம் நடைபெற்றது.

மூன்று கேள்விகள்

முகாமுக்கு வந்திருந்த மகப்பேறு மருத்துவர் ஒரு சகோதரி. முகாம் முடிந்த பின், நிர்வாகிகள் உடனிருக்க, அக்குடும்பத்தாரின் அனுமதியோடு இச்செய்தியை அவரிடம் சொன்னோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனையாவது மாதத்தில் குழந்தை வெளிப்பட்டது? அதற்கு முன் கடுமையான பிரசவ வலி இருந்ததா? வெளிப்பட்டபோது குழந்தை உயிரோடு இருந்ததா?

கணவருக்கு விடை தெரியவில்லை, மாமியாருக்குத் தெரிந்திருந்தது. மூன்று முறையும் ஐந்தாம் மாதம் கடந்த பிறகே நிகழ்ந்தது. கடும் வலி இல்லை. இரண்டு நாட்கள் அடிவயிற்றில் ஒரு கனம், இடுப்பில் இலேசான வலி, நீர்போல் வெள்ளைப்பாடு. பின்னர் சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை வெளிப்பட்டபோது அசைவு இருந்தது.

மருத்துவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் குழந்தையை அடக்கம் செய்த அன்றே அந்தப் பெண்ணை என்னைப் போன்ற ஒருவரிடம் ஏன் அனுப்பவில்லை? இதற்குத் தையல் போடும் வழி இருக்கிறதே!" என்றார்.

அன்பர்களே! முதல் கப்ருக்கு நாம் பொறுப்பல்ல. அது எவரும் அறியாமல் வந்தது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது கப்ருகளில் நம் மௌனத்துக்கும் பங்குண்டோ என்ற அச்சம் அன்று முதல் நம்மை விட்டு நீங்கவில்லை. பொறுமையைப் போதித்தோம், காரணத்தை விசாரிக்கவில்லை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. அந்த அச்சமே இன்று நம்மைப் பேச வைத்திருக்கிறது.

குறை எங்கே இருக்கிறது?

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி ஒரு கழுத்துப் போல் நீண்டு பிறப்புப் பாதையில் திறக்கிறது. இதனையே கர்ப்பப்பை வாய் என்கிறோம். கர்ப்ப காலத்தின் நடுப்பகுதியில் இது சுமார் 35 முதல் 40 மில்லிமீட்டர் நீளத்தில், இறுக்கமாக மூடியிருக்கும். குழந்தையும் பனிக்குடமும் வளர வளர அதன் மேல் பாரம் கூடுகிறது. வலுவான வாய் அந்தப் பாரத்தைத் தாங்கி, மாதம் நிறைந்து பிரசவ வலி வரும்போதே திறக்கும்.

சில பெண்களுக்கு இந்த வாய் தளர்ந்திருக்கும். நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் வலி ஏதுமின்றி மெல்ல நீளம் குறைந்து திறந்துகொள்ளும். பனிக்குடம் கீழே இறங்கும். நல்ல நிலையில் வளர்ந்துகொண்டிருந்த குழந்தை, வெளியுலகில் வாழ இயலாத பருவத்தில் வந்துவிடும். குழந்தையிடம் குறை இல்லை. தாயின் நடத்தையிலும் உணவிலும் குறை இல்லை. வாயிலின் தாழ்ப்பாள் மட்டும் தளர்ந்திருக்கிறது.

இத்தளர்ச்சி சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது. முந்தைய பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல், கர்ப்பப்பை வாயில் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை, கருச்சிதைவுக்குப் பின் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதற்காக வாயைத் திரும்பத் திரும்ப விரித்தது ஆகியவையும் காரணமாகலாம். பலருக்குக் காரணம் இன்னதென்று காட்ட இயலுவதில்லை.

இங்கே ஒன்றை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் ஏற்படும் கருச்சிதைவுகள் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறைகளால் நிகழ்கின்றன. அவற்றுக்கு இந்தத் தையல் பயன்படாது. நான்கு மாதத்துக்குப் பின் நிகழும் இழப்புகளிலும் நோய்த்தொற்று, இரத்தப்போக்கு என வேறு காரணங்கள் உண்டு. எனவே காரணத்தைப் பிரித்தறிய வேண்டியவர் மருத்துவர். நம் வேலை, விசாரித்து அவரிடம் அனுப்பி வைப்பதே.

நம் நாட்டில் பிறந்த சிகிச்சை

இச்சிகிச்சையை உலகுக்குத் தந்தவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. கோவாவின் ஷிரோடா ஊரில் 1899ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் வி. என். ஷிரோட்கர், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அக்காலத்தில் நடு மாதங்களில் கருவை இழக்கும் பெண்களைப் படுக்கையில் கிடத்தி, ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்ப்பதே வழக்கம். அவ்வாறு செய்தும் மீண்டும் மீண்டும் இழந்த பெண்களை அவர் கண்டார். குறை கர்ப்பப்பை வாயில் இருப்பதைக் கண்டறிந்தார்.

அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே ஒரு மெல்லிய சவ்வுப் பட்டையை எடுத்து, மூத்திரப்பையைச் சற்று மேலே ஒதுக்கி, கர்ப்பப்பை வாயின் உட்புறத் திறப்பின் உயரத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினார். கர்ப்பம் இருக்கும்போதே இதனைச் செய்தார். பிற்காலத்தில் தொடைச் சவ்வுக்குப் பதிலாகச் செயற்கை நூல் நாடா வந்தது.

இதனை அவர் 1955ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட இதழ் எது தெரியுமா? டாக்டர் யு. ராமராவ் 1904ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ‘ஆன்டிசெப்டிக்’ என்னும் மருத்துவ இதழ். இன்று உலகெங்கும் மருத்துவர்கள் ‘ஷிரோட்கர் தையல்’ என்று சொல்லும் சிகிச்சையைப் பற்றிய அக்கட்டுரை நம் தமிழ்நாட்டு இதழில் அச்சேறியது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. இந்திய அரசு அவருக்கு 1960ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும், 1971ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருதும் வழங்கியது. அந்த 1971ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1957இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் இயன் மெக்டொனால்டு இதனினும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். வாயைச் சுற்றி ஓடும் கயிற்றை இழுத்தால் பை மூடிக்கொள்ளும். மெக்டொனால்டு முறையும் அவ்வாறே: கர்ப்பப்பை வாயைச் சுற்றி நூலைக் கோத்து, இழுத்து முடிச்சிடுவது. எளிதாக இருப்பதால் இம்முறையே இன்று மிகுதியாகக் கையாளப்படுகிறது. கீழ்வழியில் போட்ட தையல் பயன் தராத சிலருக்கு வயிற்றின் வழியாகத் தையலிடும் முறையை 1965ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் பென்சன், டர்ஃபி இருவரும் வெளியிட்டனர்.

அறுவைச் சிகிச்சை என்றதும் நம்மில் சிலர் அந்நியமான ஒன்றைப் போல் அஞ்சுகிறார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டின் கொர்டோபாவை அடுத்து வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், மருத்துவக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கி, விலங்குக் குடல் நூலால் உள்ளுறுப்புகளைத் தைக்கும் முறையையும் எழுதி வைத்தவர். பிரசவத்துக்கான கருவிகளும் அவருடைய நூலில் உண்டு. தைத்து உயிர் காக்கும் கலை நம் முன்னோர் போற்றிய கலையே.

எப்போது, எப்படி?

நடு மாதங்களில் பல முறை இவ்வாறு இழந்த பெண்ணுக்கு, அடுத்த கர்ப்பத்தில் 12 முதல் 14 வாரத்துக்குள் தையல் போடுவது வழக்கம். முதலில் ஸ்கேன் செய்து குழந்தை நலமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, பிறப்புப் பாதை வழியாகவே தையலிடுவார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரே முறை இழந்த பெண்ணுக்கு உடனே தையல் போடாமல், ஏறத்தாழ 16 வாரம் முதல் 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் மூலம் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்து வருவதும் உண்டு. நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கினால் தையலைப் பற்றி முடிவெடுப்பார்கள். பலருக்கு வாய் உறுதியாகவே இருந்துவிடும், தையல் தேவைப்படாது. சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்தையே மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இரட்டைக் குழந்தைகள் என்பதற்காக மட்டும் தையல் போடுவதில்லை. பிரசவ வலி தொடங்கிவிட்டாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, கர்ப்பப்பையில் நோய்த்தொற்று இருந்தாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ தையல் போட இயலாது.

போட்ட தையலை 36 அல்லது 37ஆம் வாரத்தில் பிரித்துவிடுவார்கள். பெரும்பாலோருக்கு மயக்க மருந்தின்றியே பிரித்துவிடலாம். அதன் பின் இயல்பான பிரசவம் நிகழலாம்; தையல் போட்டதனாலேயே சிசேரியன் என்பதில்லை. வயிற்று வழியாகப் போட்ட தையல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்குச் சிசேரியன் தேவைப்படும்.

தையல் போட்ட பெண்ணின் வீட்டார் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பாடு இருந்தாலோ, விட்டு விட்டு வயிறு இறுகினாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரசவ வலி வந்த பின்னும் தையல் பிரிக்கப்படாமல் இருந்தால் கர்ப்பப்பை வாய் கிழிந்துவிடும் அபாயம் உண்டு. எனவே தையல் போட்ட சீட்டு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தாய் வீட்டுக்குப் போகும்போதும் அது அவளோடு போகட்டும்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்

இத்தையலைப் போட்டால் குழந்தை உறுதி என்று நாம் சொல்லவில்லை. 1993ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில் 1,292 பெண்கள் இடம்பெற்றனர். தையல் தேவையா என்று மருத்துவர்களுக்கே ஐயம் இருந்த பெண்கள் அவர்கள். தையல் போட்டவர்களில் 33 வாரத்துக்கு முன் பிரசவித்தோர் 100க்கு 13 பேர். போடாதவர்களில் 17 பேர். அதாவது, இப்படிப்பட்ட 25 பெண்களுக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு முன்கூட்டிய பிரசவம் தடுக்கப்பட்டது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கர்ப்பங்கள் குறைமாதத்தில் முடிந்த பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, தையல் போட்டவர்களில் 15 பேர், போடாதவர்களில் 32 பேர் என்ற பெரிய வேறுபாடு தெரிந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், தேவையில்லாதவர்க்கு இத்தையல் வீண், தேவையானவர்க்குப் பேருதவி. யார் எந்த வகை என்பதை அறிய, முந்தைய இழப்புகளின் வரலாறு மருத்துவருக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும். வெட்கத்தாலோ, புகுந்த வீட்டாருக்கு அஞ்சியோ முதல் இழப்பை மறைக்கும் பெண், தன் கையில் உள்ள மருந்தையே மறைக்கிறாள்.

மலைக்கு மேலே ஒரு வீடு

இச்செய்தி நம் மஹல்லாவோடு நிற்கக் கூடாது. நம் ஜமாஅத் சகோதரர்கள் சிலர் புளியும் கடுக்காயும் தேனும் வாங்குவதற்காகக் கல்வராயன் மலைக்குச் சென்று வருகிறார்கள். வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சிற்றூரில் அவர்களில் ஒருவரோடு பல்லாண்டு வணிகத் தொடர்புள்ள ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டு மருமகள் முன்பு இரு முறை நடு மாதத்தில் குழந்தையை இழந்தவள். மூன்றாம் முறை ஐந்தாம் மாதத்தில் அடிவயிறு கனக்கிறது என்றாள். மழைக்காலம், ஊரிலிருந்து தார்ச்சாலை வரை நடக்க வேண்டும். மறுநாள் காலை நம் சகோதரரின் வண்டியிலேயே கீழே கொண்டு வந்தார்கள்.

மருத்துவர்கள் பார்த்தபோது வாய் திறந்து, பனிக்குடம் வெளியே தெரிந்தது, காய்ச்சலும் இருந்தது. சில சமயம் அந்த நிலையிலும் அவசரத் தையல் போட முடியும். ஆனால் நோய்த்தொற்று இருந்ததால் போட இயலவில்லை. தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. நம் சகோதரர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இரண்டு மாதத்துக்கு முன்னால் இது எனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே அழைத்து வந்திருப்பேனே" என்று கண் கலங்கினார். ஒவ்வொரு மாதமும் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்த்தவர் அவர்.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமானது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் சிக்கலான கர்ப்பம் என்றால் சேலத்துக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓட வேண்டியிருந்தது. மருத்துவமனை அருகில் வந்துவிட்டது. செய்தி இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. தையல் போட உகந்த 12, 13ஆம் வாரத்தில் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. தொந்தரவு தெரிந்த பின் புறப்படுபவர்க்கு மலைப்பாதை மிக நீளமானது. ஆகவே முன்பு இழந்த பெண், அடுத்த கர்ப்பம் உறுதியான உடனேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பழைய இழப்புகளையும் சொல்லிவிட வேண்டும்.

மார்க்கம் தடையா?

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்று வழிகாட்டிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகே தவக்குல்.

பெண் மருத்துவரை நாடுவது முறை. அவர் கிடைக்காத அவசரத்தில் ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்ப்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் அனுமதிக்கிறார்கள். கர்ப்பிணி தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சினால் ரமளான் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யச் சலுகை உண்டு. குனிந்து நிமிர மருத்துவர் தடுத்தால் அமர்ந்து தொழலாம். மருத்துவர் சொல்லும் காலம் வரை விலகியிருப்பது கணவனின் கடமை. இதில் வற்புறுத்துவது அநீதி.

குழந்தையை இழந்து அழும் பெண்ணை, "அழுதால் பொறுமையின் நன்மை போய்விடும்" என்று அதட்டுகிறவர்களும் நம்மில் உண்டு. தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கண்ணீர் சிந்தினார்கள். கண்ணீர் பொறுமைக்கு எதிரானதன்று.

மாமியார்களாகிய தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். "ராசியில்லாதவள்" என்ற சொல்லை உங்கள் நாவிலிருந்து அகற்றிவிடுங்கள். சகுனம் பார்ப்பதை மார்க்கம் விலக்கியிருக்கிறது. அந்த மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் பெரும்பாலும் நீங்களே. மருத்துவரிடம் மருமகளோடு சென்று அவற்றைச் சொல்ல வேண்டியவர்களும் நீங்களே.

ஜமாஅத்துக்குச் சில வேண்டுகோள்கள்

குறைமாதச் சிசுவை அடக்கம் செய்ய வரும் எவரிடமும் இனி ஆறுதல் சொல்லி மட்டும் அனுப்ப மாட்டோம். எத்தனையாவது மாதம், வலி இருந்ததா, உயிர் இருந்ததா என்று மென்மையாக விசாரித்து, மகப்பேறு மருத்துவரிடம் செல்லுமாறு சொல்வோம். நிர்வாகக் குழுவும் இதனை நடைமுறையாக ஏற்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்று வரும் வண்டிச் செலவு கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பாரம். பைத்துல்மாலிலிருந்து இதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்கலாம்.

குழந்தை தங்கவில்லை என்ற காரணத்தோடு தலாக், மறுமணம் என்று எவரேனும் ஜமாஅத்துக்கு வந்தால், உரிய மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கு முன் அப்பேச்சை ஜமாஅத் செவிமடுக்கக் கூடாது.

மலைக்குச் சென்று வரும் வணிகச் சகோதரர்கள், தாம் சரக்கு எடுக்கும் வீடுகளில் இச்செய்தியைச் சொல்லி வர வேண்டும். எந்தச் சமயத்தார் வீட்டுக் குழந்தையும் குழந்தையே. அவசர நேரத்தில் 108 எண்ணை அழைக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

நிறைவாக

அந்த முதல் குடும்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கணவர் மறுமணப் பேச்சை நிறுத்தினார். நான்காவது கர்ப்பத்தில் 13ஆம் வாரம் அரசு மருத்துவமனை ஒன்றில் தையல் போடப்பட்டது. முன்பு தாயத்துக் கேட்டு வந்த அதே மாமியார், ஒவ்வொரு முறையும் மருமகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். 37ஆம் வாரத்தில் தையல் பிரித்தார்கள். சில நாட்களில் பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையின் காதில் பாங்கு சொல்லும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. இப்போது அவள் மாலை நேரங்களில் இதே மண்டபத்தில் அலிஃப், பே ஓதிக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய தந்தை வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் மையவாடியின் கிழக்கு ஓரத்துக்குச் சென்று சற்று நேரம் நிற்கிறார். நாமும் சில நாட்கள் அவரோடு போய் நிற்கிறோம். அந்த மூன்றுக்குப் பக்கத்தில், தடுத்திருக்கக்கூடிய இன்னொரு கப்ரு வராமல் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் இந்தச் செய்தியை ஒரு வீட்டுக்கேனும் கொண்டு சேர்க்க வேண்டும்.

யா அல்லாஹ்! கருவுற்றிருக்கும் எங்கள் பெண்மக்களுக்கு நிறைமாதத்தையும் சுகப்பிரசவத்தையும் தந்தருள்வாயாக. குழந்தைகளை இழந்த பெற்றோரின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக. நோய் தீர்க்க உழைக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவாயாக. அறியாமல் நாங்கள் செய்த தவறுகளை மன்னித்து, அறிந்த பின் செயல்படும் நல்லுதவியைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.